எஸ்லோன் பைப்பில் ஒரு தூரிகை: கொழும்பில் சீன மொழி தொடங்குபவர்களுக்கு

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மொட்டைமாடி. காலை ஆறு மணி. என் கையில் ஒரு மீட்டர் நீளக் குழாய், அதன் நுனியில் பஞ்சு, காலடியில் ஈரக் கோடுகள். உடுப்புக் காயப்போட வந்த கீழ்வீட்டு அங்கிள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"தம்பி, டெங்குக்கு மருந்து அடிக்கிறீரோ?"

"இல்லை அங்கிள், சீனம் படிக்கிறன்."

"அதுக்கு ஏன் மாடியைக் கழுவுறீர்?"

அன்றைக்குச் சிரித்துச் சமாளித்துவிட்டேன். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் இங்கேதான் வருகிறது.

புறக்கோட்டையில் சாமான் இறக்குமதி செய்பவர், ஹோட்டலில் வேலை பார்ப்பவர், சுற்றுலா வழிகாட்டியாக வர நினைப்பவர் என்று இப்போது பலரும் சீனம் தொடங்குகிறார்கள். தொடங்கி மூன்றாம் மாதம் விட்டுவிடுகிறார்கள். நானும் விடப் பார்த்தேன். கதைக்கிற சீனம் எனக்குச் சிக்கலாக இருக்கவில்லை, எழுத்துத்தான் இடறியது. கொப்பியின் சின்னக் கட்டங்களுக்குள் ஒரே எழுத்தை இருபது தரம் எழுதுவேன். பத்தாம் தரத்தில் மூளை தூங்கிவிடும், கை மட்டும் ஓடும். அடுத்த நாள் அந்த எழுத்தைக் கேட்டால் தலையில் ஒன்றும் இருக்காது. இரண்டு கொப்பி முடித்த பிறகும் நாற்பது எழுத்து உருப்படியாகத் தெரியவில்லை.

பிறகுதான் பெய்ஜிங் பூங்காக்களின் வழக்கம் ஒன்றைப் பற்றி அறிந்தேன். காலையில் வயதானவர்கள் நீளத் தடியின் நுனியில் கூம்பாக வெட்டிய பஞ்சைக் கட்டி, தண்ணீரில் தோய்த்து, நடைபாதைக் கற்களில் ஆளுயரத்துக்குக் கவிதை எழுதுகிறார்கள். இதற்கு 'தீ ஷூ' என்று பெயர். தீ என்றால் தரை, ஷூ என்றால் எழுதுவது. எழுதி முடிக்கும்போதே முதல் வரி காய்ந்து போயிருக்கும். வாசல் தெளித்துக் கோலம் போட்டு, பத்து மணிக்குள் அது கால்பட்டு அழிவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் புதினம் ஒன்றும் இல்லை.

இதை ஒருவர் இயந்திரமாகவும் செய்திருக்கிறார். நிக்கலஸ் ஹன்னா என்ற கலைஞர் 2011 இல் பெய்ஜிங்கில் ஒரு மூன்றுசக்கரச் சைக்கிளின் பின்னால் வரிசையாக மின்வால்வுகளைப் பூட்டினார். கணினியில் எழுத்தைத் தட்டினால், சைக்கிள் ஓட ஓட வால்வுகள் திறந்து மூடி, சொட்டுச் சொட்டாகத் தெருவில் அந்த எழுத்து விழும். பழைய புள்ளி அச்சுப்பொறி வேலை செய்வது போலத்தான், மைக்குப் பதில் தண்ணீர். இதைப் பார்த்ததும் நானும் வால்வு, பற்றரி, சின்னக் கணினிப் பலகை என்று பட்டியல் போடத் தொடங்கினேன். நல்லவேளை, பட்டியலோடு நின்றது. எழுத்தை இயந்திரம் எழுதினால் நான் எதைப் படிப்பது? வேடிக்கை காட்ட அது அருமையான சாமான். படிப்புக்கு என்றால் பூங்காத் தாத்தாக்களின் தடிதான்.

தூரிகை செய்வது

தேவையானவை இவ்வளவுதான்: அரை அங்குல எஸ்லோன் பைப் (பிவிசி குழாய்) ஒரு மீட்டர், ஒரு அங்குலத்தை அரை அங்குலமாகக் குறைக்கும் ரிடியூசர் ஒன்று, அரை அங்குல மூடி ஒன்று, பைப் ஒட்டும் பசை, ஒரு துண்டுப் பஞ்சு. எந்த ஹார்ட்வெயார் கடையிலும் கிடைக்கும். புறக்கோட்டைப் பக்கம் போகிறவர்கள் பழைய சோனகத் தெருவில் ஒரே கடையில் முடிக்கலாம். பஞ்சைக் காசு கொடுத்து வாங்கவேண்டாம். ஓட்டோவுக்குச் சீட் அடிக்கும் குஷன் கடையில் வெட்டிக் கழித்த துண்டுகள் மூலையில் கிடக்கும், கேட்டால் தருவார்கள். கேட்கும்போது இறுக்கமான பஞ்சாகக் கேளுங்கள். நான் முதலில் எடுத்தது தலையணைப் பஞ்சு மாதிரி மெத்தென்ற ஒன்று. எழுத்து வரவில்லை, குளம்தான் வந்தது.

பஞ்சைப் பத்துப் பன்னிரண்டு சென்ரிமீட்டர் நீளத்துக்கு, கரட் கிழங்கு வடிவில் வெட்டவேண்டும். உலர்ந்த பஞ்சு கத்தரிக்கோலுக்குள் நெளியும். அதனால் நனைத்துப் பிழிந்து, ஒரு இரவு ஃபிரிட்ஜின் ஃபிரீசரில் உறையவிடுங்கள். காலையில் அரிவாள் பல் உள்ள பாண் கத்தியால் சீவினால் சொன்னபடி கேட்கும். (வீட்டில் அம்மா இருந்தால் முதலில் சொல்லிவிட்டு வையுங்கள்.) நுனி கூராக இருக்கவேண்டும். மெல்லிய கோடு கூரால் வரும், தடித்த கோடு அமத்தினால் வரும். சீனத் தூரிகையின் வித்தை முழுக்க அந்த அமத்தலில்தான்.

இனிப் பூட்டலாம். ரிடியூசரின் சின்னப் பக்கத்தைக் குழாயில் பசை போட்டு ஒட்டுங்கள். பெரிய பக்கத்துக்குள் கூம்பின் அடியை இறுக்கித் திணியுங்கள். மேலே வரும் மூடியில் ஒரு ஊசித்துளை போடுங்கள், ஆனால் மூடிக்குப் பசை போடாதீர்கள். தண்ணீர் நிரப்புவது அந்த வழியாகத்தான். இதை நான் ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் முதல் தூரிகையில் மூடியையும் சேர்த்து ஒட்டிவிட்டேன். பிறகு வாளோடு உட்கார்ந்து வெட்ட வேண்டியதாயிற்று.

அந்த ஊசித்துளைதான் உங்கள் தண்ணீர்ப்பைப்பின் திறப்பு. பெருவிரலால் துளையை மூடினால் உள்ளே காற்றுப் போகாது, தண்ணீர் ஏறக்குறைய நின்றுவிடும். விரலை எடுத்தால் இறங்கும். சின்ன வயதில் ஸ்ட்ரோவின் மேல்வாயை விரலால் மூடிச் சோடாவைத் தூக்கி விளையாடியிருப்பீர்கள், அதே சங்கதி. ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் விரலை வைத்துப் பழகுங்கள்.

முடிந்ததும் மிச்சத் தண்ணீரை ஊற்றிவிட்டு, பஞ்சைப் பிழிந்து, நுனி கீழே பார்க்கக் கொடியில் மாட்டுங்கள். வாளியில் தண்ணீரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். அங்கிள் கேட்ட டெங்கு மருந்துக் கதை அப்புறம் உண்மையாகிவிடும்.

எங்கே எழுதுவது

முதல் மாதம் சொந்த மொட்டைமாடியில். சீமெந்துத் தளம் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால் ஈரம் கறுப்பாகத் தெரியும். பளிங்குத் தரையில் தண்ணீர் உருண்டு ஓடும், எழுத்தும் நிற்காது, வருகிற ஆளும் வழுக்கி விழுவார். இன்டர்லொக் கற்களில் எழுதவே வேண்டாம், ஒவ்வொரு இடைவெளியும் தண்ணீரைக் குடித்துவிடும்.

துணிவு வந்தபின் சுதந்திர சதுக்கத்துப் பக்கம் போகலாம், விகாரமகாதேவிப் பூங்கா நடைபாதையும் நல்லது. காலிமுகத் திடலில் காற்று அதிகம், எழுத்து கண்முன்னே காய்ந்து போகும். வேகம் பழக மட்டும் அங்கே போங்கள். எங்கே போனாலும் நடக்கிறவர், ஓடுகிறவர் பாதையை விட்டு ஓரமாக எழுதுங்கள். காவலர் யாரும் வந்து கேட்டால் விளக்கவுரை வேண்டாம், குழாயிலிருந்து கையில் கொஞ்சம் ஊற்றி முகத்தைக் கழுவிக் காட்டுங்கள். ஒரு காவலர் என்னிடம் தடியை வாங்கி, தன் பெயரைச் சிங்களத்தில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பித் தந்தார். சிங்கள எழுத்தின் வளைவுகளுக்குப் பஞ்சு நன்றாகவே ஒத்துழைக்கிறது.

நேரம் காலை ஆறிலிருந்து எட்டு. வெயில் ஏறினால் எழுத்துக்கு ஆயுள் இல்லை. மே மாதத்திலும் ஒக்டோபர், நவம்பரிலும் மழை விடாது, நனைந்த தரையில் தண்ணீரால் எழுதுவது வீண்வேலை. அந்த நாட்களில் ஒரு தட்டில் அரிசியைப் பரப்பி விரலால் எழுதுங்கள். விஜயதசமிக்கு ஏடு தொடக்கியபோது அப்பாவோ குருக்களோ உங்கள் விரலைப் பிடித்து 'அ' எழுதுவித்திருப்பார் அல்லவா, அதேபோல.

வாயும் சேர்ந்து எழுத வேண்டும்

எழுதும்போது ஒவ்வொரு எழுத்தையும் சத்தமாகச் சொல்லவேண்டும். வெட்கப்பட்டால் வேலை நடக்காது. சீனத்தில் ஒரே அசை ஏற்ற இறக்கத்தைப் பொறுத்து வேறு வேறு பொருள் தரும். நான்கு தொனிகள் உண்டு, அதோடு தொனியில்லாத மெல்லிய அசையும் உண்டு. இதைக் கேட்டுப் பலர் மிரள்கிறார்கள். ஆனால் நாம் 'ம்' என்ற ஒரு மெய்யை வைத்துக்கொண்டு முழுச் சம்பாஷணையே நடத்துகிற ஆட்கள். "ம்?" என்றால் என்ன என்று கேட்பது, "ம்!" என்றால் சரி போ, "ம்ம்…" என்றால் யோசிக்கிறேன். தொனி நம் தொண்டையில் ஏற்கெனவே இருக்கிறது.

முதல் தொனி சுருதிப்பெட்டி போல உயரத்தில் ஒரே நேராக நிற்கும். இரண்டாவது, நம்ப முடியாத செய்தி கேட்டு "என்ன?" என்று ஏறுவது. மூன்றாவது, மனமில்லாமல் இழுத்துத் தாழ்ந்து கிடப்பது. நான்காவது, பஸ் கொண்டக்டர் கதவைத் தட்டி "ஹரி!" என்று வெட்டுவது. 'தியென்' என்பதை முதல் தொனியில் சொன்னால் வானம், இரண்டாவதில் சொன்னால் வயல்.

இன்னொரு நல்ல செய்தி. ஆங்கில எழுத்தில் சீனத்தை எழுதும் பின்யின் முறை 1958 இல் வந்தது. அதைப் படிக்கும்போது ஆங்கில உச்சரிப்பை மறந்துவிடுங்கள், தமிழ் உச்சரிப்பைக் கொண்டுவாருங்கள். பின்யினில் b என்று தொடங்குவது ஆங்கில bag என்பதன் ஒலி இல்லை, நம் 'பல்' என்பதில் வரும் 'ப'. அதே இடத்தில் மூச்சை ஊதிச் சொன்னால் p. வாய்க்கு முன்னால் டிஷ்யூத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். முதலாவதற்கு அசையக்கூடாது, இரண்டாவதற்கு ஆடவேண்டும். நமக்குக் கஷ்டம் இந்த ஊதலில்தான், அதற்கு மட்டும் தினமும் ஐந்து நிமிடம் கொடுங்கள். பதிலுக்கு 'ழ' நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது. மனிதன் என்பதற்கான சொல்லைப் புத்தகங்கள் 'ரென்' என்கின்றன. 'ழென்' என்று சொல்லிப் பாருங்கள், சீன ஆசிரியை நிமிர்ந்து பார்ப்பார். எங்கள் வகுப்பில் மற்றவர்கள் ஒரு மாதம் நாக்கை மடித்துத் திண்டாடிய இடம் அது.

எந்த எழுத்து, எந்த வரிசையில்

ஓலையில் எழுத்தாணியால் கீறிய மொழி என்பதால் தமிழ் எழுத்து வட்டமாயிற்று என்பார்கள். காரணம் எதுவோ, நம் கை வளைந்து வளைந்தே பழகியது. சீனத்தில் வளையம் கிடையாது. கிடைக்கோடு, நிலைக்கோடு, சாய்ந்த வீச்சு, புள்ளி, கொக்கி. அதனால் முதல் வாரம் வெறும் கோடுதான். ஒரு கிடைக்கோடு 'யி', ஒன்று. இரண்டு கோடு 'அர்', இரண்டு. மூன்று கோடு 'ஸான்', மூன்று. நான்கு கோடு போட்டால் நான்கு வராது, அங்கே வேறு எழுத்து. சும்மா சொல்லிவைக்கிறேன்.

இரண்டாம் வாரம் ஆட்களும் மரங்களும். இடப்பக்கம் ஒரு வீச்சு, வலப்பக்கம் ஒரு வீச்சு, கால் அகட்டி நிற்கும் ஆள்: 'ழென்'. அந்த ஆளுக்குக் கை விரித்தது போல ஒரு கிடைக்கோடு: 'தா', பெரிய. தலைக்கு மேல் இன்னொரு கோடு: 'தியென்', வானம். சிலுவை போட்டு அடியில் இரு பக்கமும் வேர் விட்டால் 'மு', மரம். இரண்டு மரம் 'லின்', தோப்பு. மூன்று மரம் 'ஸென்', அடர்ந்த காடு. இதையெல்லாம் ஒரு முழம் அகலத்தில் எழுதுங்கள். கை மட்டும் அசைந்தால் போதாது, தோள் அசைய வேண்டும், ஒரு அடி பின்வாங்க வேண்டும். கொப்பியில் விரல் படித்ததை விரல் மறந்துவிட்டது. முதுகும் காலும் சேர்ந்து படித்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

வரிசை முக்கியம். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், கிடைக்கோடு முதலில், நிலைக்கோடு பிறகு. பெட்டி உள்ள எழுத்தில் முதலில் சுவர், பிறகு உள்ளே இருப்பவை, கடைசியாக அடிக்கோடு. ஆட்கள் உள்ளே போன பிறகுதானே கதவைச் சாத்துவோம்! நாடு என்ற 'குவோ' அப்படித்தான். வாய் என்ற 'கோவ்' வெறும் சதுரம், ஆனால் நான்கு கோடு இல்லை, மூன்று. மேல்கோடும் வலச்சுவரும் ஒரே இழுப்பு. தண்ணீர் இங்கே நல்ல வாத்தியார். முதலில் போட்ட கோடு முதலில் மங்கும், கடைசிக் கோடு பளபளக்கும். எழுதிவிட்டுத் தள்ளி நின்றால் நீங்கள் எந்த வரிசையில் எழுதினீர்கள் என்பதைத் தரையே காட்டிக்கொடுக்கும். அடுத்த கோடு எது என்று யோசித்துக்கொண்டு நின்றால் எழுத்தின் பாதி காணாமல் போய்விடும்.

ஒரு நாளுக்கு ஐந்து புது எழுத்துக்கு மேல் வேண்டாம். மங்கிய பிறகு அதே இடத்தில் பார்க்காமல் ஒருமுறை எழுதவேண்டும். அதுதான் பரீட்சை. பிழைவிட்டாலும் இரண்டு நிமிடத்தில் சாட்சி இல்லை.

புறக்கோட்டையில் வாசிப்பு

நாலைந்து வாரத்தில் கண்ணுக்கு வேலை கொடுங்கள். சனிக்கிழமை காலையில் புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் நடந்தால், நாட்டாமைமார் தலையிலும் தள்ளுவண்டியிலும் கொண்டுபோகிற மட்டைப்பெட்டிகள் எல்லாம் உங்கள் பாடப்புத்தகம். நடுவில் கோடு குத்திய பெட்டி 'ஜோங்', நடு. அதோடு 'குவோ' சேர்ந்தால் நடு நாடு, சீனா. உடையும் சாமான் உள்ள பெட்டியில் 'ஸியாவ் ஸின்' என்று இருக்கும். எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால் சின்ன இதயம், பொருள் கவனம். நான் முதன்முதலில் தானாக வாசித்த சொல் அதுதான். நடுத்தெருவில் நின்று வாசித்ததால் பின்னால் வந்த வண்டிக்காரர் வேறு மொழியில் அதே அறிவுரையைத் தந்தார்.

இடையில் தேத்தண்ணி குடிக்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் 'தே' தென்சீனக் கடற்கரைப் பேச்சிலிருந்து வந்தது. சாயாவின் 'சா' மற்றச் சீனப் பேச்சுகளின் 'ச்சா'. இரண்டு சீனச் சொல்லை நாம் ஏற்கெனவே தினமும் குடித்துக்கொண்டிருக்கிறோம்.

வகுப்பைப் பற்றிச் சுருக்கமாக. தடி வகுப்புக்கு மாற்று இல்லை, தொனியைத் திருத்த ஒரு ஆள் வேண்டும். கொழும்பு, களனிப் பல்கலைக்கழகங்களில் சீனம் கற்பிக்கும் கன்பூசியஸ் நிறுவனங்கள் இருக்கின்றன, தனியார் வகுப்புகளும் உண்டு. சீன மொழித் தேர்ச்சிக்கான எச்எஸ்கே பரீட்சைக்கு 2010 இல் வந்த முறையில் முதல் நிலைக்கு 150 சொல், இரண்டாவதுக்கு 300, மூன்றாவதுக்கு 600. 2021 இல் ஒன்பது நிலை கொண்ட புதிய அளவுகோல் அறிவிக்கப்பட்டது. பதியும்போது எந்த முறை என்று கேட்டுவிட்டுப் பதியுங்கள். ஒரு எச்சரிக்கை: பழைய முறையின் முதல் இரண்டு நிலை வினாத்தாள்களில் எழுத்துக்கு மேலே பின்யினும் இருக்கும். எழுத்தே தெரியாமல் சித்தியடையலாம். அடைந்தவர்கள் மூன்றாம் நிலையில் பின்யின் இல்லாத தாளைப் பார்த்துத் திகைத்ததை நேரில் கண்டிருக்கிறேன்.

'யோங்'

தூரிகை கைக்கு வந்த பிறகு பழக வேண்டிய எழுத்து ஒன்று உண்டு. 'யோங்', என்றென்றும் என்று பொருள். தூரிகை பிடிக்கிற எல்லாரும் இதில்தான் கைபழகுவார்கள். ஐந்தே இழுப்பு, ஆனால் தூரிகையின் எட்டு அடிப்படை அசைவுகளும் அதற்குள் அடங்கிவிடும். மேலே ஒரு புள்ளி. அதன் கீழ் சின்னக் கிடைக்கோடு, மடங்கி நேரே இறங்கி, அடியில் இடப்பக்கம் கொக்கி, இவ்வளவும் ஒரே இழுப்பு. பிறகு இடப்பக்கம் மேல்நோக்கி ஒரு சின்னக் கோடு, அங்கேயே மடங்கிக் கீழே நீண்ட வீச்சு. கடைசியில் வலப்பக்கம் மேலே ஒரு கொத்து, அதிலிருந்து அமத்தி அமத்திக் கீழே இறங்கும் தடித்த கால். எனக்கு இது ஓரளவு வடிவாக வர இரண்டு மாதம் எடுத்தது. காய்ந்து போகிற தண்ணீரில் 'என்றென்றும்' எழுதுவதைப் பார்த்த அங்கிள், பொருளைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு உடுப்பை எடுத்துப் போனார்.

வரத் தொடங்கியதும் ஒரு நாள் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்குப் போங்கள். சீன, தமிழ், பாரசீக மொழிகளில் வெட்டிய காலி மும்மொழிக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ 1409 ஆம் ஆண்டுத் திகதியோடு கொண்டுவந்த கல், 1911 இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. ஒரே பேரரசரின் காணிக்கைதான், ஆனால் சீனத்தில் அது புத்தருக்கு, தமிழில் தெவிநுவரைத் தெய்வமான தேனாவரை நாயனாருக்கு, பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கு. பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம் என்று கணக்கும் உண்டு. சீனப் பகுதி வலப்பக்கம், மேலிருந்து கீழாக, வரிகள் வலமிருந்து இடமாகப் போகும். முதல் வரியின் தலையில் உங்களுக்குத் தெரிந்த 'தா' நிற்கும், பெரிய மிங் அரசின் 'பெரிய'. அங்கிருந்து இடப்பக்கம் நகர்ந்து திகதி உள்ள கடைசி வரிக்கு வாருங்கள். பேரரசரின் ஆட்சிப் பெயர் யோங்லே. அதன் முதல் எழுத்து நீங்கள் மாடியில் எழுதி எழுதிக் காயவிட்ட அதே 'யோங்'. கல் தேய்ந்திருக்கிறது, பொறுமையாகத் தேடுங்கள்.

தடியை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். அங்கே நின்று உள்ளங்கையில் விரலால் எழுதிப் பார்த்தால் போதும், புள்ளியிலிருந்து தொடங்கி.